கேட்பதற்கும் முதல் வேண்டும்: அமெரிக்கச் சிற்றூர்களும் கூட்டாட்சி நிதியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி 90,837 உள்ளாட்சி அமைப்புகள் இயங்குகின்றன. மாநகராட்சி, மாவட்ட நிர்வாகத்துக்கு ஒப்பான கவுண்டி, டவுன்ஷிப், பள்ளி மாவட்டம், குடிநீருக்கோ தீயணைப்புக்கோ என ஒரே பணிக்காக அமைந்த சிறப்பு மாவட்டம் எனப் பல வடிவங்கள் இந்த எண்ணிக்கையில் அடங்கும். நகராட்சித் தகுதி பெற்ற சுமார் 19,500 ஊர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று 5,000 பேர்கூட வாழாத சிற்றூர்கள். குடிநீர் வழங்கும் ஏறத்தாழ 50,000 சமுதாய நீர் அமைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை 10,000 பேருக்கும் குறைவானவர்களுக்கே நீர் தருகின்றன. சாலை, பாலம், மேல்நிலைத் தொட்டி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் இத்தகைய அமைப்புகளிடம் இருக்க, அவற்றைப் புதுப்பிக்கத் தேவையான பெருந்தொகையைத் திரட்டும் வரிவலிமை வாஷிங்டனில் குவிந்திருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே கூட்டாட்சி மானியம் என்னும் ஏற்பாடு நூறாண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்துள்ளது. மானியம் தேவையின் அடிப்படையில் வழங்கப்படுவதாகச் சட்டங்கள் கூறினாலும், நடைமுறையில் அது கேட்கும் திறனின் அடிப்படையிலேயே பெரிதும் பங்கிடப்படுகிறது என்பதையும், அத்திறனுக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலையைக் கொடுக்க இயலாத ஊர்களே பெரும்பாலும் மிகுந்த தேவையுள்ள ஊர்களாக இருக்கின்றன என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐயத்திலிருந்து மானியம் வரை

உள்ளூர்ப் பணிகளுக்குக் கூட்டாட்சிக் கருவூலத்தைத் திறப்பது முறையா என்ற கேள்வி அந்நாட்டின் தொடக்க காலத்திலிருந்தே இருந்து வருகிறது. சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் நிதி ஒதுக்க முனைந்த ஒரு மசோதாவை, அதற்கான அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் வழங்கவில்லை என்று கூறி அதிபர் ஜேம்ஸ் மேடிசன் 1817 மார்ச்சில், தமது பதவிக்காலத்தின் இறுதி நாளுக்கு முந்தைய நாள், மறுத்துத் திருப்பி அனுப்பினார். கென்டக்கி மாநிலத்தில் மேய்ஸ்வில், லெக்சிங்டன் ஆகிய ஊர்களை இணைக்கும் சாலைக்கான மசோதாவை, முழுக்க ஒரே மாநிலத்துக்குள் அமைந்த சாலை அது என்னும் காரணத்தால் ஆண்ட்ரூ ஜாக்சன் 1830இல் மறுத்தார். எந்தப் பணி நாட்டுக்குரியது, எது ஊருக்குரியது என்ற இந்த எல்லைக்கோட்டு வழக்கு சட்டத்தளத்தில் பின்னர் தளர்ந்துவிட்டாலும் அரசியல் தளத்தில் இன்றும் முடிந்தபாடில்லை.

இன்றைய மானிய முறையின் அடிப்படை இலக்கணம் 1916ஆம் ஆண்டின் கூட்டாட்சி உதவிச் சாலைச் சட்டத்தில் தெளிவாகத் தென்படுகிறது. அச்சட்டம் செலவில் பாதியை மாநிலம் ஏற்க வேண்டும் என்றும், உதவி பெற விரும்பும் மாநிலம் தனக்கென ஒரு நெடுஞ்சாலைத் துறையை வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. பெறுபவர் தம் கையிலிருந்தும் பணம் போட வேண்டும், பணத்தைக் கையாளும் நிர்வாகமும் அவரிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்னும் இவ்விரு நிபந்தனைகளும் வீண்செலவைத் தடுப்பதற்காக எழுந்தவை. மாநிலங்களுக்கு அவை பொருந்தின. ஓர் எழுத்தரும் பகுதிநேர மேயரும் மட்டுமே உள்ள ஊரிடம் அதே நிபந்தனைகளை நீட்டும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

நகரங்களுக்கும் வாஷிங்டனுக்கும் நேரடித் தொடர்பு பேரளவில் உருவானது 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில்தான். அதற்கு முன்பு உள்ளாட்சிகள் முழுக்க மாநிலத்தின் கைப்பிள்ளைகளாகவே கருதப்பட்டன. மாநிலம் வெளிப்படையாக வழங்கிய அதிகாரத்துக்கு அப்பால் உள்ளாட்சிக்கு அதிகாரம் இல்லை என்று அயோவா நீதிபதி ஜான் டில்லன் 1868இல் வகுத்த கோட்பாடு இன்றும் பல மாநிலங்களில் செல்லுபடியாகிறது. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் கழிவுநீர் நிலையங்களின் கட்டுமானச் செலவில் 75 விழுக்காடு வரை மானியமாக வழங்கியது. அதே ஆண்டில் தொடங்கிய வருவாய்ப் பகிர்வுத் திட்டம் விண்ணப்பப் போட்டி எதுவுமின்றி ஏறத்தாழ 39,000 மாநில, உள்ளாட்சி அரசுகளுக்குக் கணக்கீட்டின்படி பணம் அனுப்பியது. இவை இரண்டும் நீடிக்கவில்லை. வருவாய்ப் பகிர்வு 1986இல் முடிவுக்கு வந்தது. கழிவுநீர் மானியத்தின் இடத்தை 1987ஆம் ஆண்டின் திருத்தம் தோற்றுவித்த சுழல்நிதி பிடித்துக்கொண்டது. சுழல்நிதி என்பது கூட்டாட்சி அரசு தரும் முதலோடு மாநிலமும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து, அதிலிருந்து உள்ளாட்சிகளுக்குக் குறைந்த வட்டிக் கடன் வழங்கி, திரும்பி வரும் பணத்தை அடுத்த ஊருக்குக் கடனாகக் கொடுக்கும் ஏற்பாடாகும். நிதியாளரின் பார்வையில் இது சிக்கனமான வழி. ஊரின் பார்வையில், கொடை கடனாக மாறிய திருப்பம்.

மூன்று வாசல்கள்

இன்று ஒரு சிற்றூர் கூட்டாட்சிப் பணத்தை அடைவதற்கு மூன்று வாசல்கள் உள்ளன. மக்கள்தொகை, வறுமை, வீடுகளின் வயது போன்ற அளவுகளைக் கொண்டு சட்டமே பங்கைக் கணித்துத் தரும் வாய்பாட்டு மானியம் முதலாவது. 1974இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் தொகுப்பு மானியம் இவ்வகையின் முதன்மையான எடுத்துக்காட்டு. அதன் செலவில் குறைந்தது 70 விழுக்காடு தாழ்ந்த, நடுத்தர வருவாயினருக்குப் பயன்பட வேண்டும். ஆயினும் பொதுவாக 50,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களே இம்மானியத்தை நேரடியாகப் பெறுகின்றன. அதற்குக் குறைந்த ஊர்கள் மாநிலத்தின் பங்குக்காகத் தமக்குள் போட்டியிட வேண்டியிருக்கிறது. ஆகவே வாய்பாட்டின் நிழல் பெருநகரத்தோடு நின்றுவிட, சிற்றூர் வெயிலில்தான் நிற்கிறது.

துறைகள் அறிவிக்கும் திட்டங்களுக்கு ஊர்கள் விண்ணப்பித்து, மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படும் போட்டி மானியம் இரண்டாவது வாசல். 2009இல் 150 கோடி டாலரோடு தொடங்கி, பெயர் பலமுறை மாறி இன்றும் தொடரும் போக்குவரத்துத் துறையின் மானியத் திட்டம் இவ்வகையில் பெயர்பெற்றது. 2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்பு முதலீட்டுச் சட்டம் ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி டாலர் செலவுக்கு வழிசெய்தது. அதில் புதிய செலவு சுமார் 55,000 கோடி டாலர். ஈயக் குழாய்களை மாற்றுவதற்கென்றே 1,500 கோடி டாலர் குடிநீர்ச் சுழல்நிதி வழியாக ஒதுக்கப்பட்டது. பணம் பெருகியபோது திட்டங்களின் எண்ணிக்கையும் பெருகியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி, தனித்தனிக் காலக்கெடு, தனித்தனிப் படிவம் என்றானது.

மூன்றாவது வாசலில் காவலராக நிற்பவர் அதிகாரியல்லர், மக்கள் பிரதிநிதி. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர், தம் தொகுதியின் குறிப்பிட்ட ஊருக்குக் குறிப்பிட்ட தொகை என்று செலவினச் சட்டத்திலேயே பெயர்சொல்லி எழுதச் செய்வது குறித்தொதுக்கீடு எனப்படும். பண்ணைக் கால்நடைகளை அடையாளம் காண அவற்றின் காதில் இடும் குறியே ஆங்கிலத்தில் இதற்குப் பெயராயிற்று.

ஒரு விண்ணப்பத்தின் உள்ளே

போட்டி மானியத்தின் வாசலில் நிற்கும் ஊரின் நிலையை விளங்கிக்கொள்ள, 1,500 பேரும் 600 வீடுகளும் உள்ள ஓர் ஊரைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். அதன் கழிவுநீர் நிலையத்தைப் புதுப்பிக்க ஒரு கோடி டாலர் தேவைப்படுவதாகக் கொள்வோம். ஊர் முதலில் கூட்டாட்சி அரசின் பதிவுத் தளத்தில் பதிந்து தனி அடையாள எண்ணைப் பெற வேண்டும். அப்பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், காலாவதியானால் விண்ணப்பிக்க இயலாது. பிறகு திட்டத்தின் வடிவம், செலவு, மாற்று வழிகள் ஆகியவற்றை விளக்கும் முதனிலைப் பொறியியல் அறிக்கை தேவை. அதை எழுதப் பதிவுபெற்ற பொறியாளரை அமர்த்த வேண்டும். மானியம் கிடைக்கும் முன்பே அவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மானியம் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். 1970இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின் கீழான ஆய்வு, ஊர்மன்றத் தீர்மானம், உள்ளூர்ப் பங்குத்தொகைக்கான சான்று ஆகியவை அடுத்தடுத்து வரும்.

ஊர் ஏழ்மையானது என்பதை மெய்ப்பிப்பதும் எளிதன்று. வீட்டு வருவாயின் இடைநிலை அளவைக் காட்டும் கூட்டாட்சிப் புள்ளிவிவரம் மாதிரிக் கணிப்பிலிருந்து பெறப்படுவதால், சில நூறு வீடுகளே உள்ள ஊரில் அதன் பிழை வரம்பு மிக விரிந்திருக்கும். பண்ணை உரிமையாளர் இருவர் மாதிரியில் விழுந்துவிட்டால் ஏழை ஊர் தாளில் வசதியான ஊராகிவிடக்கூடும். அந்த எண்ணை மறுக்க விரும்பும் ஊர், வீடு வீடாகச் சென்று வருவாய்க் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அதற்கான செலவும் ஊருடையதே.

சாலைக்கும் பாலத்துக்கும் விண்ணப்பிக்கும்போது பயன்–செலவுப் பகுப்பாய்வு என்னும் இன்னொரு தடை குறுக்கிடுகிறது. ஒரு திட்டத்தால் மிச்சமாகும் பயண நேரம், தவிர்க்கப்படும் விபத்து, காக்கப்படும் உயிர் ஆகியவற்றுக்கு டாலர் மதிப்பிட்டு, அதைச் செலவோடு ஒப்பிடும் கணக்கு இது. நாளொன்றுக்கு 30,000 வண்டிகள் கடக்கும் பாலத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் மிச்சமானால் பயன் மலைபோல் குவியும். நாளொன்றுக்கு 300 வண்டிகள் மட்டுமே கடக்கும் சிற்றூர்ப் பாலம் இடிந்தால் மருத்துவமனைக்குப் போக வேறு வழியே இல்லாதிருக்கலாம். எனினும் கணக்கின் கண்ணில் அது நூறில் ஒரு பங்குதான். முறை நடுநிலையானது என்பதில் ஐயமில்லை, ஆனால் அதன் நடுநிலை கூட்டத்தின் பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

இனி பங்குத்தொகை. செலவில் 20 விழுக்காட்டை ஊர் ஏற்க வேண்டும் என்றால், மேற்கண்ட ஊர் 20 லட்சம் டாலர் திரட்ட வேண்டும். அதாவது வீட்டுக்கு 3,300 டாலருக்கு மேல். மானியமின்றி முழுத்தொகையையும் சுழல்நிதியில் 2 விழுக்காடு வட்டிக்கு 30 ஆண்டுக் கடனாகப் பெற்றாலும், ஒவ்வொரு வீட்டின் கழிவுநீர்க் கட்டணத்திலும் மாதம் 60 டாலருக்கு மேல் கூடும். ஒரு லட்சம் வீடுகள் உள்ள நகரத்தில் இதே தொகை மாதம் அரை டாலரைக்கூட எட்டாது. இதனால்தான் கிராமப்புறங்களுக்கும் நெடுங்கால வறுமைப் பகுதிகளுக்கும் சில திட்டங்கள் பங்குத்தொகையை முழுவதுமாகத் தள்ளுபடி செய்கின்றன. வேளாண் துறையின் நீர், கழிவுநீர்த் திட்டம் 10,000 பேர் வரையுள்ள ஊர்களுக்கென்றே கடனையும் மானியத்தையும் கலந்து தருகிறது.

மானியம் கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. பெரும்பாலான மானியங்கள் செலவு ஈடு முறையில் வழங்கப்படுகின்றன. ஒப்பந்ததாரருக்கு ஊர் முதலில் தானே பணம் கட்டிவிட்டு, ரசீதைக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். அல்லது பணம் வரும்வரை ஒப்பந்ததாரரைக் காக்க வைக்க வேண்டும். 1931ஆம் ஆண்டின் டேவிஸ்–பேக்கன் சட்டப்படியான கூலி, அதற்கு வாரந்தோறும் சான்றளித்த சம்பளப் பட்டியல், உள்நாட்டு இரும்பும் எஃகும் மட்டுமே பயன்படுத்தும் விதி, வரம்பைத் தாண்டினால் தனித் தணிக்கை என ஒவ்வொன்றும் நியாயமான நோக்கத்தோடு பிறந்த விதிதான். அத்தனையும் வந்து சேர்வது குடிநீர்க் கட்டண ரசீதையும் நாய் உரிமத்தையும் பார்த்துக்கொள்ளும் அதே எழுத்தரின் மேசைக்கு என்பதுதான் இடர்.

பெருநகரத்தில் மானியத்துக்கென்று தனிப்பிரிவும், கூட்டாட்சித் தலைநகரில் பரிந்துபேசும் நிறுவனமும் இருக்கும். சிற்றூருக்குக் கிடைக்கும் துணை பெரும்பாலும் வட்டாரத் திட்டக்குழு, தொழிலாக விண்ணப்பம் எழுதித் தருபவர், அல்லது வேலை தமக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் உதவும் பொறியியல் நிறுவனம். கேட்பதற்கே ஒரு முதல் தேவைப்படுகிறது என்பதும், அந்த முதல் உள்ளவருக்கே மேலும் கிடைக்கிறது என்பதும் இவ்விதமாகவே அமைகின்றன.

இழிபெயர் பெற்ற குறுக்குவழி

இந்த நெடும்பாதையின் பின்னணியில்தான் குறித்தொதுக்கீட்டை மதிப்பிட வேண்டும். 2005 ஆகஸ்டில் கையெழுத்தான, 28,640 கோடி டாலர் மதிப்புள்ள நெடுஞ்சாலைச் சட்டத்தில் 6,000க்கும் மேற்பட்ட குறித்தொதுக்கீடுகள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று அலாஸ்காவின் கெட்சிகன் நகரத்தையும் சுமார் 50 பேர் வாழ்ந்த கிரவீனா தீவையும் இணைக்கும் பாலத்துக்கான 22.3 கோடி டாலர். அதே மாத இறுதியில் கேத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சிதைத்தது. அப்பாலத்தின் பணத்தை லூசியானாவில் இடிந்த பாலத்துக்குத் திருப்பலாம் என்று செனட் உறுப்பினர் டாம் கோபர்ன் கொண்டுவந்த திருத்தம் 82க்கு 15 என்ற வாக்குகளில் தோற்றது. எங்கும் போகாத பாலம் என்ற பெயர் நாடெங்கும் பரவியது. பாலம் 2007இல் கைவிடப்பட்டது. ஆனால் அதற்கு இட்டுச்செல்லவிருந்த ஐந்து கிலோமீட்டர்ச் சாலை சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவில் 2008இல் முடிந்து, எதனோடும் இணையாமல் தீவில் கிடந்தது.

கேலிக்குள் மறைந்துபோன ஓர் உண்மையும் இதில் உண்டு. கெட்சிகனின் விமான நிலையம் கிரவீனா தீவில்தான் இருக்கிறது. இன்றும் பயணிகள் படகேறித்தான் அதை அடைகின்றனர். தேவை முழுப்பொய்யன்று, அந்தத் தேவைக்கு அந்த விலையா, மற்ற ஊர்களின் தேவைகளோடு அதை யார் ஒப்பிட்டுப் பார்த்தார் என்பவையே கேட்கப்படாத கேள்விகள். குறித்தொதுக்கீட்டின் உண்மையான குறை ஊழல் மட்டுமன்று. ஒப்பீடு இன்மையும் அதன் குறைதான். ஊழலும் இருக்கவே செய்தது: கலிபோர்னியாவின் பிரதிநிதி ராண்டி கன்னிங்ஹாம் ஒப்பந்ததாரர்களிடம் 24 லட்சம் டாலர் லஞ்சம் பெற்றதை ஒப்புக்கொண்டு 2005இல் பதவி விலகி, அடுத்த ஆண்டு எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். இவற்றின் விளைவாக 2011 முதல் பத்தாண்டுக் காலம் இவ்வழக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது.

2021இல் அது புதிய பெயரோடும் புதிய வேலிகளோடும் திரும்பியது. பிரதிநிதிகள் அவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர் ரோசா டிலாரோ அறிவித்த முறையில் அதன் பெயர் சமுதாயத் திட்ட நிதி. உறுப்பினருக்குக் கோரிக்கைகள் பத்து என்ற வரம்பு (பின்னர் பதினைந்து), இலாப நோக்குள்ள நிறுவனங்களுக்குத் தடை, உறுப்பினருக்கோ குடும்பத்தினருக்கோ ஆதாயம் இல்லை என்ற கையொப்ப உறுதி, ஊர்மக்களின் ஆதரவுக்கான சான்று, எல்லாக் கோரிக்கைகளையும் பொதுவெளியில் வெளியிடும் கட்டாயம், ஆண்டுச் செலவினத்தில் ஒரு விழுக்காடு என்ற உச்சவரம்பு ஆகியவை அந்த வேலிகள். 2022 நிதியாண்டில் ஏறத்தாழ 5,000 திட்டங்களுக்குச் சுமார் 910 கோடி டாலரும், 2023இல் 7,200க்கும் மேற்பட்ட திட்டங்களுக்குச் சுமார் 1,530 கோடி டாலரும் இவ்வகையில் ஒதுக்கப்பட்டன.

சிற்றூருக்கு இது ஓரளவு நல்ல வழியே. பயன்–செலவுக் கணக்கோ மதிப்பெண் போட்டியோ இல்லாமல், தொகுதியை அறிந்த ஒருவரிடம் நேரில் சொல்லி விளங்கவைக்க முடிகிறது. ஆனால் அதன் இன்னொரு முகத்தை நீர்த் துறையின் வரவுசெலவு காட்டுகிறது. 2023 நிதியாண்டின் வழக்கமான ஒதுக்கீட்டில் குடிநீர், கழிவுநீர்ச் சுழல்நிதிகள் இரண்டுக்கும் சேர்த்து வழங்கப்பட்ட சுமார் 276 கோடி டாலரில், ஏறத்தாழ 147 கோடி டாலர் பெயர் குறிப்பிட்ட திட்டங்களுக்கே சென்றது. அதாவது, ஓர் ஊருக்கு மானியமாகச் சென்ற தொகை, மாநிலத்தின் எல்லா ஊர்களுக்கும் மீண்டும் மீண்டும் கடனாகச் சுழன்றிருக்கக்கூடிய முதலிலிருந்து எடுக்கப்பட்டது. மேலும், சட்டத்தில் பெயர் வந்த பிறகும் மேற்சொன்ன சுற்றுச்சூழல், கூலி, தணிக்கை விதிகள் எவையும் விலகுவதில்லை. அரசியல் காற்று மாறினால் வாசலே மூடிவிடும்: 2025 நிதியாண்டுக்கு உறுப்பினர்கள் முன்வைத்த ஆயிரக்கணக்கான கோரிக்கைகள், அவ்வாண்டு மார்ச்சில் முந்தைய ஒதுக்கீட்டையே நீட்டித்து நிறைவேறிய சட்டத்தில் இடம்பெறாமல் போயின.

வெள்ளம் எழுதிய விண்ணப்பம்

மூன்று வாசல்களும் காலத்தில் திறக்காதபோது நேர்வதை மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சன் உணர்த்துகிறது. அது சிற்றூர் அன்று. 1980இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த அதன் மக்கள்தொகை 2020இல் சுமார் 1,54,000 ஆகச் சுருங்கியிருந்தது. ஐவரில் நால்வர் கறுப்பின மக்கள். ஆட்கள் குறைந்தாலும் நிலத்தடிக் குழாயின் நீளம் குறையாததால், பெரிய ஊருக்கெனப் போட்ட வலைப்பின்னலைச் சிறிய, வறிய ஊர் சுமக்க வேண்டியதாயிற்று. 2021 பிப்ரவரியின் உறைபனியில் வாரக்கணக்கில் நீர் நின்றது. 2022 ஆகஸ்டு இறுதியில் பேர்ள் ஆற்றில் வெள்ளம் வந்தபோது முதன்மைச் சுத்திகரிப்பு நிலையம் செயலிழந்தது. குழாயில் அழுத்தமின்றி, தீயணைக்கவும் கழிப்பறைக்கும் நீரின்றி ஊர் தவித்த காட்சிகள் உலகெங்கும் ஒளிபரப்பாயின. நவம்பரில் நீதிமன்ற ஆணையின்படி வெளியாள் ஒருவர் நிர்வாகியாக அமர்த்தப்பட்டார். டிசம்பரில் காங்கிரஸ் இந்த ஒரு நகரத்தின் நீருக்காக 60 கோடி டாலர் ஒதுக்கியது.

குழாய்களின் பழுது 2022க்கு முன்பே ஊருக்கும் மாநிலத்துக்கும் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமைக்கும் தெரிந்ததுதான். முகமை 2020 மார்ச்சிலேயே அவசர ஆணை பிறப்பித்திருந்தது. தேவை அப்போதும் இருந்தது, அதற்கான ஆவணமும் இருந்தது. பணம் மட்டும் நிலையம் விழுந்த பிறகே வந்தது. வேறு வகையில் சொன்னால், ஊர் எழுதிய விண்ணப்பங்கள் சாதிக்காததை வெள்ளம் எழுதிய விண்ணப்பம் சாதித்தது. முறையாகப் பேணியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பன்மடங்கு செலவாகும் விண்ணப்பம் அது.

ஜாக்சனின் ஒதுக்கீட்டில் ஒரு பகுதி, கட்டுமானத்துக்கு மட்டுமின்றி நிலையத்தை நடத்தவும் பராமரிக்கவும் பயன்படலாம் என்று அனுமதிக்கப்பட்டது. அது மிக அரிதான சலுகை. கூட்டாட்சி நிதி பொதுவாகக் கட்டுவதற்கே கிடைக்கும். கட்டியதைக் காப்பது ஊரின் பாடு. வடிகட்டியை மாற்றுவது, வால்வைத் திருகிப் பார்ப்பது, தேர்ந்த இயக்குநருக்குச் சம்பளம் கொடுப்பது ஆகியவற்றைத் திறந்துவைக்க விழா எடுப்பதில்லை. இதனால் பேணுதலைத் தள்ளிப்போட்டு, உடைந்த பின் புதிதாகக் கேட்பதே வறிய ஊருக்கு லாபமாகத் தோன்றும் விபரீதம் உண்டாகிறது.

போட்டியின்றிக் கொடுக்க முடியாது என்பதும் உண்மையன்று. 2021ஆம் ஆண்டின் மீட்புச் சட்டம் மாநில, உள்ளாட்சிகளுக்கு வழங்கிய 35,000 கோடி டாலரில், 50,000 பேருக்குக் குறைந்த ஊர்களும் மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலத்தின் வழியே தமக்குரிய பங்கைப் பெற்றன. பொறியியல் அறிக்கையோ பங்குத்தொகையோ கேட்கப்படவில்லை. பல ஊர்கள் அதையே குழாய்க்கும் தொட்டிக்கும் செலவிட்டன. ஆயினும் அது நோய்த்தொற்றுக் காலத்தின் ஒருமுறை ஏற்பாடு. தலைக்கணக்கில் பிரித்த பணம் பெரிய நிலையமொன்றைக் கட்டவும் போதாது.

ஆகவே எந்த ஒரு வாசலும் மற்றவற்றுக்கு மாற்றாகாது. வாய்பாடு பரவலாகக் கொடுத்தாலும் சிறு தொகைகளாகச் சிதறுகிறது. போட்டி பெருந்தொகை கொடுத்தாலும் திறமுள்ளவரையே தேர்கிறது. குறித்தொதுக்கீடு ஊரின் குரலைக் கேட்டாலும் பக்கத்து ஊரின் குரலைக் கேட்பதில்லை. மூன்றுக்கும் பொதுவான குறை, விண்ணப்பம் எழுதப்படும் முன் உள்ள காலத்தை ஊரின் சொந்தச் செலவாகக் கருதுவதே. பொறியியல் அறிக்கைக்கும் வருவாய்க் கணக்கெடுப்புக்கும் முன்பணம் தருவது, சில ஊர்கள் சேர்ந்து ஒரே இயக்குநரையும் ஒரே கணக்கரையும் வைத்துக்கொள்ள உதவுவது, செலவு ஈட்டுக்குப் பதிலாகத் தொடக்கத்திலேயே ஒரு பகுதியைக் கொடுப்பது ஆகியவை கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகைகள். அவை இல்லாதவரை, நீர்நிலையம் பழுதான ஊர்களின் பட்டியலும் நிதி பெற்ற ஊர்களின் பட்டியலும் வெவ்வேறாகவே இருக்கும்; முதல் பட்டியலிலிருந்து இரண்டாவதுக்கு நகர, ஜாக்சனைப் போல் ஊர் ஒருமுறை விழுந்தாக வேண்டியிருக்கும்.